ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடுகிறவளின் பதில்கள்

ஞாயிறு ஓட்டம் முடிந்து பெசன்ட் நகர் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தால், காபி ஆறுவதற்குள் பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்கிறீர்கள். ஒருவருக்குச் சொன்னது அடுத்தவர் காதில் விழுவதில்லை. அடுத்த வாரம் அதே கேள்வி. அதனால்தான் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

முதலில் என் யோக்கியதை. வயது 48, வங்கி உத்தியோகம், பதினோரு வருடமாக ஓடுகிறேன். அரை மாரத்தானில், அதாவது 21 கிலோமீட்டரில், என்னுடைய ஆகச் சிறந்த நேரம் 2 மணி 31 நிமிடம். பயிற்சியாளர் இல்லை, டாக்டர் இல்லை. தப்பு செய்ததில் மட்டும் உங்கள் எல்லாருக்கும் சீனியர்.

கே: அக்கா, எனக்கு 39. ஐ.டி. வேலை. மூணு வாரமா ஓடுறேன், 400 மீட்டர் தாண்டறதுக்குள்ள மூச்சு முட்டுது. கூட ஆரம்பிச்சவன் அசால்ட்டா மூணு கிலோமீட்டர் போறான். எனக்கு ஓட்டம் வராதோ?

ப: வரும் தம்பி. போன வாரம் உன்னைப் பார்த்தேன். நீ ஓடவில்லை, கிளம்பிய பஸ்ஸைத் துரத்தினாய். நம்மில் முக்கால்வாசிப் பேர் கடைசியாக ஓடியது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில், அதுவும் 100 மீட்டர். இருபது வருடம் கழித்து ஷூ மாட்டினாலும் கால் அந்த விசில் சத்தத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

ஒரு நிமிடம் ஓடு, இரண்டு நிமிடம் நட. இப்படியே எட்டுத் தடவை. வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஓடும் அந்த ஒரு நிமிடத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு என்று தடங்கல் இல்லாமல் வந்தால் வேகம் சரி. வரிக்கு வரி மூச்சு வாங்கினால் அதிகம். ஆறேழுக்கு மேல் மறந்துபோனால் அது கணக்கு வாத்தியார் பிரச்சினை. வாரம் போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறை. இரண்டு, மூன்று மாதத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடலாம்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. மூச்சு வாங்குவது வேறு, நெஞ்சை அழுத்துவது வேறு. அழுத்தம் தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அன்றே ஆஸ்பத்திரி. சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், ஷூ வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.

கே: எந்த ஷூ வாங்கறது மேடம்?

ப: காலைப் பிடிக்காத ஷூ. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் கடைக்குப் போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் உள்ளே மெத்தை செத்துவிடும், மேலே பளபளப்பு மட்டும் இருக்கும். விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வீட்டுக்காரருக்கு இன்னும் உண்மை தெரியாது.

கே: கால் பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு!

ப: மேலே சொன்ன பதில். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அது விழுந்து புதிது முளைக்கும்.

கே: எங்க மாமியார் தினமும் சொல்றாங்க, "ஓடி ஓடி முட்டி தேஞ்சு போயிடும், அப்புறம் என்னைத்தான் பாத்ரூம் கூட்டிட்டுப் போகச் சொல்லுவே"ன்னு. நிஜமாவே தேயுமா?

ப: உங்கள் மாமியாருக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு அலசல் வந்தது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். போட்டிக்காகவே வாழ்கிற தொழில்முறை ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். நாமெல்லாம் அந்த நடுத்தர வர்க்கம், பிழைத்தோம். மூட்டு நல்லா இருக்கிறவர்கள்தான் ஓட வருகிறார்கள், அதனால் கணக்கு அப்படி வருகிறது என்று மாமியார் மடக்கலாம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓடினாலே தேயும் என்ற வாதம் இந்தக் கணக்கில் நிற்காது.

சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியனைத் தெரியுமில்லையா? சாலை விபத்தில் முழங்கால் அடிபட்டவர். அதற்குப் பிறகுதான் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடினார். அதைக் காட்டி அடிபட்ட எல்லாரும் கிளம்பிவிட வேண்டாம்; மூட்டை நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி இறங்கும்போது முட்டிச்சிப்பியைச் சுற்றி வலித்தால் பெரும்பாலும் அது தேய்மானம் இல்லை. தொடையிலும் இடுப்பிலும் பலம் போதாமல் முட்டி தனியாகச் சுமக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைக் கை ஊன்றாமல் பதினைந்து தடவை, வாரத்துக்கு மூன்று நாள். எனக்கு அது இரண்டு மாதத்தில் போனது.

கே: கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் வலிக்குது. ஓட ஆரம்பிச்சா சரியாயிடுது, அப்புறம் மறுபடி வருது. ஓடலாமா?

ப: இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் என் முதல் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். வாரம் 25 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் மூன்றே வாரத்தில் 45-க்குப் போனேன். முதலில் எலும்பு ஓரமாக நீளவாக்கில் ஒரு வலி. ஐஸ் வைத்தேன், தைலம் தேய்த்தேன், ஓடினேன். அப்புறம் வலி ஒரு இடத்தில் குவிந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் மூடிவிடும், அவ்வளவு இடம்தான். விரல் வைத்தால் உயிர் போகும். ராத்திரி படுத்திருக்கும்போதும் விண் விண் என்று தெறித்தது.

எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தீங்களா, ஒண்ணுமில்ல" என்று வீட்டில் அறிவித்துவிட்டு மறுநாளே 16 கிலோமீட்டர் ஓடினேன். ஆரம்பத்தில் எலும்புக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம் என்று பின்னால்தான் புரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. வங்கியில் கவுண்டருக்கும் லாக்கருக்கும் நொண்டி நொண்டி நடந்தேன். "விழுந்துட்டீங்களா மேடம்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டபோது ஆமாம் என்றே சொன்னேன். ஓடி எலும்பு கீறிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கம்.

உங்கள் வலி நீளவாக்கில் பரவலாக இருந்தால் இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுங்கள். நாணயம் வைக்கிற இடமாகச் சுருங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

கே: மே மாசம் ஓடவே முடியல. பெங்களூருல தம்பி வீட்டுக்குப் போனா சூப்பரா ஓடுறேன், இங்க வந்தா செத்துப்போறேன்.

ப: பெங்களூரு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காலையில் குளுகுளு. இங்கே மே மாதம் ஐந்தரை மணிக்கே 28 டிகிரி, மேலே கடல் காற்றின் ஈரப்பதம். வியர்வை வழிவதால் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். சென்னையில் சொட்டித் தரையில் விழுகிறதே தவிர ஆவியாவதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்கு ஓட, காலுக்குப் பங்கு குறைய, இதயம் இரட்டை வேலை பார்க்கிறது. நீங்கள் சோம்பேறி ஆகவில்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி பனியனைப் பீரோவில் வையுங்கள். நனைந்தால் கனத்து உரசும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

வெயிலில் ஓடும்போது உடம்பு சிலிர்த்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அங்கேயே நிழலில் உட்கார்ந்து தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸையும் கூப்பிடச் சொல்லுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்ற ஆசை அங்கே வேண்டாம்.

கே: அப்ப தண்ணி நிறைய குடிச்சுக்கிட்டே இருக்கணுமா?

ப: இல்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தது. மெதுவாக ஓடுகிறவர்களுக்கே ஆபத்து கூட. நாம்தான் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நின்று குடித்துவிட்டுக் கிளம்புகிறோம். நீண்ட ஓட்டத்துக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஆறு மாசமா ஓடுறேன், ரெண்டு கிலோ ஏறியிருக்கு. எப்படி?

ப: ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. அதற்கப்புறம் நீங்கள் சாப்பிடும் நெய்ப் பொங்கல், வடை, இன்னொரு வடை, ஃபில்டர் காபி. நானும் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

கே: அக்கா, காலைல அஞ்சு மணிக்குத் தனியா ஓட பயமா இருக்கு. நாய் ஒரு பக்கம், பைக்ல வர்றவனுங்க ஒரு பக்கம். நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க?

ப: சுடிதாரில், துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு. முதல் வாரம் எங்கள் தெருமுனைப் பூக்காரம்மா பதறிப்போய், "யாருக்கு என்னம்மா ஆச்சு? ஏன் ஓடறே?" என்றார். உடம்புக்காக என்றேன். "அப்ப நில்லு, இந்தக் கூடையைத் தூக்கிவிடு" என்றார். அதிலிருந்து தினம் கூடையைத் தூக்கிவிட்டுத்தான் ஓட்டம். ஒரு நாள் நான் வரத் தாமதமானால் தேடுவார். எனக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடைத்ததில்லை.

அதனால் நான் சொல்வது: தெரிந்த முகங்கள் இருக்கிற பாதையாகத் தேர்ந்தெடு. ஆவின் பூத், டீக்கடை, பேப்பர் பிரிக்கிற இடம். இரண்டு கிலோமீட்டர் வட்டத்தையே மூன்று சுற்று சுற்று, போரடித்தாலும் பரவாயில்லை. மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர், வழியெல்லாம் நடக்கிறவர்கள் இருப்பார்கள். ஒரு காதில் மட்டும் பாட்டு. வண்டி வேகம் குறைத்தால் எதிர்த் திசையில் திரும்பி ஓடு, பெண்கள் உதவி எண் 181-ஐ போனில் சேமித்து வை. இதையெல்லாம் ஆண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்ற எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது. இன்னொன்று, நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. ஷூவில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதே.

நாய் துரத்தினால் நின்றுவிடு. ஓடுகிறவரைத்தான் துரத்தும். கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல் மெல்ல நகரு. கடித்துவிட்டால், சின்னக் கீறலே ஆனாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

கே: கிப்சோகே மாதிரி ஓட என்ன செய்யணும்? (10-ஆம் வகுப்பு)

ப: கண்ணா, அந்தக் கென்ய மாரத்தான் வீரர் 2019-ல் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினார். 100 மீட்டருக்கு 17 விநாடி. உன் பள்ளி மைதானத்தில் ஒரு தடவை ஓடிப் பார். பிறகு அதே வேகத்தில், நிற்காமல், இன்னும் 421 தடவை. முதலில் பத்தாம் வகுப்பை முடி.

கே: மூணு வருஷமா ஓடுறேன். வேகம் கூடவே இல்ல. ஆப்பைத் திறந்தா எல்லாரும் என்னைவிட வேகம். இப்பல்லாம் ஓடி முடிச்சா சந்தோஷத்தைவிட அவமானமா இருக்கு.

ப: இதைக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், பெயர் போடாமல். யார் என்று நான் யூகிக்கவில்லை.

என் முதல் அரை மாரத்தானில் நான் கடைசி ஆள். கடைசி என்றால் கடைசியேதான்: எனக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும், நடை வேகத்தில், விளக்கு சுற்றிக்கொண்டே. 17-ஆவது கிலோமீட்டரில் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஏறிக்கிறீங்களாம்மா?" என்றார். வேண்டாம் என்று கையசைத்தேன். இரண்டு கிலோமீட்டர் கழித்து மறுபடி கேட்டார். முடிக்கும் இடத்துக்குப் போனால் வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், வாழைப்பழம் தீர்ந்துவிட்டது, மெடல் கொடுக்கிற பெண் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒன்று எடுத்துக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் ஹாரன் அடித்தார். வீட்டுக்கு வந்து யாரிடமும் நேரம் சொல்லவில்லை. மூன்று மாதம் ஓடவும் இல்லை.

வேகம் கூடாததற்குச் சாதாரணக் காரணங்கள் இருக்கின்றன. எல்லா நாளும் ஒரே பாதி வேகத்தில் ஓடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று நாள் வாய்ப்பாடு சொல்கிற அளவு மெதுவாக ஓடி, ஒரே ஒரு நாள் வேகமாக, நாலைந்து துண்டுகளாக ஓடிப் பாருங்கள். ஹீமோகுளோபின் சோதியுங்கள், பெண்களென்றால் கட்டாயம். தூக்கம் எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். இதெல்லாம் செய்தும் நேரம் அசையாமல் இருக்கலாம். நாற்பதுக்கு மேல் ஒரு கட்டத்தில் அசையாது. எனக்கு நாலு வருடமாக அசையவில்லை. நான் செய்தது, வாட்ச்சைக் கழற்றி டிராயரில் போட்டது. முதல் வாரம் கை வெறிச்சென்று இருந்தது. இரண்டாம் வாரம் அடையாறு முகத்துவாரத்தில் கொக்கு நிற்பதைப் பார்த்தேன். அது எத்தனை வருடமாக நிற்கிறதோ.

ஆப்பில் என்னைப் பின்தொடர வேண்டாம், நான் அதில் இல்லை.

கே: மழை, தீபாவளி, அப்புறம் காய்ச்சல். ரெண்டு மாசம் போச்சு. விட்ட இடத்துலருந்து தொடரலாமா?

ப: விட்ட இடம் அங்கே இல்லை, நகர்ந்துவிட்டது. பாதித் தூரத்தில் ஆரம்பியுங்கள். காய்ச்சல் விட்டு உடம்பில் அசதி முழுக்கப் போகும் வரை நடை மட்டும்.

கே: கேட்கவே கூச்சமா இருக்கு. ஓட ஆரம்பிச்சு நாலு கிலோமீட்டர் ஆனதும் வயிறு கலக்குது. அவசரமா... புரியுதில்ல?

ப: நன்றாகப் புரிகிறது. ஓடும்போது ரத்தம் குடலிலிருந்து காலுக்குப் போய்விடுகிறது, குலுக்கல் வேறு. முந்தின இரவு காரக் குழம்பு, கொண்டைக்கடலை, விடியற்காலைப் பால் காபி மூன்றையும் நிறுத்திப் பாருங்கள். அரை மணி முன்னால் எழுந்து வெந்நீர் குடித்து, வேலையை முடித்துவிட்டே கிளம்புங்கள். அப்படியும் ஒரு நாள் மாட்டுவீர்கள். பத்து வருடம் ஓடிய எல்லாருக்கும் கேட்காமல் உள்ளே விடுகிற ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்திருக்கும். என்னுடையது எது என்று மட்டும் சொல்ல மாட்டேன், அப்புறம் அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.