மருந்துக் கேள்விகள்: பெயர் தெரியாத மாத்திரையும் ஐஸில் புதைத்த இன்சுலினும்

வலி மாத்திரைக்கு, வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? (பள்ளி மாணவர், தொண்டி)

தெரியாது, தம்பி. ரத்தத்தில் கலந்து உள்ளங்கால் வரை எல்லா இடத்துக்கும்தான் போகிறது. வலிக்கிற இடத்தில் அது செய்யும் வேலை நமக்குத் தெரிகிறது. வயிற்றிலும் சிறுநீரகத்திலும் அதே வேலையைச் செய்யும்போது அதற்குப் பக்கவிளைவு என்று பெயர்.

தங்கு கடலுக்குப் போகும்போது இன்சுலினை மீன் ஐஸிலேயே புதைத்து வைக்கிறேன். சரிதானே? (பாம்பன்)

சரியில்லை. இன்சுலின் ஒரு புரதம், உறைந்தால் உருக்குலைந்துவிடும். உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்ப முடியாது. உறைந்ததைக் கொட்டிவிடுங்கள். திறந்த குப்பி 25, 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் போட்டு, ஐஸைத் தொடாமல் நிழலில் வையுங்கள்.

ஊசி போட்டால்தான் காய்ச்சல் கேட்குமா? (ஏர்வாடி)

வாந்தி நிற்காதவருக்கு ஊசி. மற்றவர்களுக்குப் பாராசிட்டமால் மாத்திரையே ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும்.

கடலுக்குப் போய் வந்தால் உடம்பு வலி. கடையில் ஒரு செட் வாங்கிப் போட்டால் மறுநாளே தெம்பு வந்துவிடுகிறது. ஆறு மாதமாக இப்படித்தான். தொடரலாமா? (மண்டபம்)

என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. எழுதவும் முடியாது, உங்களுக்கே தெரியாது. கத்தரித்த நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்கள், நாமும் வாங்கி விழுங்குகிறோம். வலை நூல் வாங்கும்போது நம்பர் பார்க்காமல் வாங்குவீர்களா?

இப்படிப்பட்ட செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும், அதோடு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று. பல சமயம் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டும் சேரும். மறுநாள் தெம்பு, பசி, கொஞ்ச நாளில் முகம் உப்பிப் பளபளப்பது என்றால் எனக்கு ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அதே வகை ஹார்மோனைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், போதும் என்று அது வேலையை நிறுத்திவிடும். அப்புறம் செட்டைத் திடீரென்று விட்டால் உடம்பில் அந்த ஹார்மோன் போதுமான அளவு இருக்காது. ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம். சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது எல்லாம் தனிக் கணக்கு.

டைக்ளோஃபினாக்கும் லேசுப்பட்டதில்லை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கும் உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அது இன்னும் குறைக்கும். வலையை இழுத்துவிட்டு வந்து அதைப் போடுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதனால் நீங்களாக இன்றே திடீரென்று நிறுத்தாதீர்கள், டாக்டரைப் பார்க்காமல் இப்படியே தொடரவும் செய்யாதீர்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளோடு அரசு மருத்துவமனைக்குப் போய், ஆறு மாதக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இனி எந்த மாத்திரையையும் அட்டையோடு, பெயர் தெரிகிற மாதிரி வாங்குங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

நோன்பு மாதத்தில் அம்மா தைராய்டு மாத்திரையை சஹர் (விடியலுக்கு முந்தைய) சாப்பாட்டோடு போடுகிறார். (கீழக்கரை)

சாப்பாட்டோடு போட்டால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். இல்லையென்றால் சஹருக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில். கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நாலு மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள்.

பிரஷருக்குச் சின்ன வெள்ளை மாத்திரை. நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டாகப் போடலாமா?

ஊரும் இல்லை, மாத்திரையின் பெயரும் இல்லை. சின்ன வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கிறது ஐயா. அம்லோடிபின் என்றால் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றரை நாள் ஆகும், பதற வேண்டாம். எதுவானாலும் இரண்டாகப் போடாதீர்கள். அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

அப்பா காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். சூரை மீன் குழம்பு சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? (தங்கச்சிமடம்)

மருந்தும் மீனும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி போன்றவை ஐஸ் இல்லாமல் கிடந்தால் முகத்தைச் சிவக்க வைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஊறும், கொதிக்க வைத்தாலும் போகாது. அதை உடைக்கும் நொதியை, காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோநியசிட் தடுக்கிறது. மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, சிகிச்சை முடியும் வரை அந்த மீன்களைத்தான் விட வேண்டும். மருந்து தரும் டாக்டரிடம் இதைச் சொல்லிவையுங்கள். மூச்சு இரைத்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.