நடந்தால் கெண்டைக்கால் வலி, நின்றால் சரியாகிறது

கேள்வி: வயது 57. கும்பகோணத்தில் பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சிகரெட்டை நாளுக்கு மூன்றாகக் குறைத்துவிட்டேன். என் வயதுக்காரர் ஒருவர் காலை வாக்கிங்கில் மயங்கி விழுந்து இறந்துபோனதிலிருந்து நடக்கவே பயமாக இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறார்கள், தினமும் ஒரு மணி நேரம் என்கிறார்கள், மகன் வாங்கித் தந்த வாட்ச் 10,000 ஸ்டெப் கேட்கிறது. எதைத்தான் செய்வது? நடக்கும்போது இதயத்துடிப்பு 118 காட்டுகிறது. முழங்கால் சொடக்குப் போடுகிறது. மகாமகக் குளத்தை ஒரு சுற்று முடிப்பதற்குள் இடது கெண்டைக்கால் இறுகி வலிக்கும். இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். நரம்புச் சுருட்டல் என்று நண்பர் சொன்னார். ஸ்பிரே அடித்து, டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறேன். தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் அட்டாக் வராது என்று யூடியூபில் பார்த்தேன், போடலாமா? வெறும் வயிற்றில் பூங்காவில் ‘எட்டு’ வடிவத்தில் நடப்பது நல்லதா?

பதில்: முழங்காலை விடுங்கள். வாட்சைக் கழற்றி மேசை மேல் வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி கெண்டைக்காலைப் பற்றியது.

ஒரு தூரம் நடந்ததும் வலி, நின்றதும் நிவாரணம். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்ப வரும், கவனித்துப் பாருங்கள். 57 வயது, 11 ஆண்டு சர்க்கரை, சிகரெட் ஆகியவற்றோடு இப்படியொரு வலியும் சேர்ந்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் மருத்துவர் முதலில் தேடுவார். உட்கார்ந்திருக்கும்போது கெண்டைக்கால் சதைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும்போது தேவை பல மடங்கு கூடுகிறது. குறுகிப்போன குழாயால் அவ்வளவு ரத்தத்தைக் கொண்டுவர முடியாது. ஆக்சிஜன் போதாத சதை இறுகி வலிக்கிறது. நின்றால் தேவை குறைகிறது, வலி போகிறது.

நண்பர் சொன்ன நரம்புச் சுருட்டல் இதற்கு நேர்மாறு. அதில் நெடுநேரம் நின்றால் கால் கனக்கும், மாலையில் வீங்கும்; காலைத் தூக்கி வைத்தாலும் நடந்தாலும் சுகமாக இருக்கும். முதுகுத்தண்டில் நரம்புப்பாதை குறுகினாலும் நடக்கையில் கால் வலிக்கும்தான். ஆனால் அந்த வலி வெறுமனே நிற்பதால் போகாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் சிரமமில்லாமல் போவார்கள். நீங்கள் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சரியாகிறீர்கள். ரத்தக்குழாய் மேல் சந்தேகம் வருவது அதனால்தான்.

இந்த வாரமே உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேற்புறத்திலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் அவர் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். அடுத்தது ஏ.பி.ஐ. பரிசோதனை: படுக்க வைத்து, கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பார்கள். ஊசி கிடையாது, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு உண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துப்போயிருந்தால், அழுத்தம் பார்க்கச் சுற்றும் பட்டையால் அதை அழுத்த முடியாமல் எண் பொய்யாக உயரும். அதனால் 1.4க்கு மேல் வந்தாலோ, எண் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தாலோ கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும், அல்லது ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் அடங்குகிறது என்ற நிலை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கறுக்கும் விரல். இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் மணிக்கணக்கில்தான் அவகாசம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, நீங்களே உங்களுக்கு எழுதிக்கொண்ட மருந்துச்சீட்டு. டைக்ளோஃபெனாக்கை இன்றோடு நிறுத்துங்கள். ரத்தம் போதாத வலியை அது தீர்க்காது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், ரத்தக்குழாய் நோய் உள்ளவருக்கு மாரடைப்பு அபாயத்தையும் கூட்டும். யூடியூப் சொல்கிறதென்று அதன் மேல் ஆஸ்பிரினையும் போட்டால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வழி. அடைப்பு உறுதியானால் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ மருத்துவரே தருவார், கூடவே கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும். கெட்ட கொழுப்பை 70க்குக் கீழே, சிலருக்கு 55க்கும் கீழே கொண்டுவரச் சொல்வோம். நடக்கும் தூரத்தைக் கூட்ட சிலோஸ்டசால் என்றொரு மாத்திரையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகவே ஆகாது. யாரோ சொன்னார் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கக் கூடாத மாத்திரை அது.

சிகரெட் மூன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கால் ரத்தக்குழாய்க்கு மூன்றும் அதிகம். பூஜ்யம்தான் கணக்கு. தனியாக முடியவில்லை என்றால் 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.

இனி உங்கள் பயம். நடந்தால் இறந்துவிடுவோமோ என்று கேட்கிறீர்கள். காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே படிவு இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பயத்துக்குக் காரணமே இல்லை என்று தட்டிக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஆபத்து நடையில் இல்லை. கண்டுபிடிக்காமல், சிகிச்சை செய்யாமல் விட்ட நோயில் இருக்கிறது. அது இருக்கும்போது பழக்கமில்லாத உடம்போடு ஒரே நாளில் ஓடுவதும் பளு தூக்குவதும்தான் வினையாகிறது. உங்களிடம் யாரும் ஓடச் சொல்லவில்லை. காலைக் காட்டப் போகும்போதே ஈ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ, ரத்த அழுத்தம், கொழுப்பு, கிரியாட்டினின் எல்லாம் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சு, தாடை, இடது கை இறுகினாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ அத்தோடு நடை நிற்கட்டும், அன்றே மருத்துவரிடம் போங்கள். நின்று ஐந்து நிமிடமாகியும் இறுக்கம் போகவில்லை என்றால் 108. ‘கேஸ்’ என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

எண்களில் குழம்பத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2012இல் வெளியிட்ட வழிகாட்டல் தினமும் 60 நிமிடம் என்கிறது. ஒரு மணி நேரமும் வாக்கிங் என்று அதற்குப் பொருளில்லை. 30 நிமிடம் நடை போன்ற பயிற்சி, 15 நிமிடம் வேலையோடு சேர்ந்த அசைவு, 15 நிமிடம் தசைப் பயிற்சி. இரண்டு வழிகாட்டலும் முட்டிக்கொள்ளவில்லை. 10,000 என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியிலிருந்து பரவிய எண், ஆய்வு செய்து கண்ட அளவல்ல. அறுபதை ஒட்டிய வயதில் 6,000, 7,000 ஸ்டெப்பிலேயே பெரும்பகுதி நன்மை கிடைத்துவிடுகிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. 8 என்பது பாதையின் நீளம், எல்லோருக்குமான மருந்தளவு அல்ல.

மிதமான வேகம் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உங்கள் வயதுக்கு 118 துடிப்பு அந்த வேகத்துக்கு உரியதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதியும் இப்போது இல்லை. ஐந்தைந்து நிமிடமாகச் சேர்க்கலாம்.

கடை வேலை உள்ளவர் காலையில் ஒரு மணி நேரம் தேடித் தோற்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பது மேல். சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகக் குறைக்கும். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். உடம்பில் இன்சுலின் நன்றாக வேலை செய்ய நடை தரும் உதவி ஓரிரு நாள்தான் தாங்கும். கல்லாவில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நில்லுங்கள், மேல் அடுக்குப் பாத்திரத்தை எடுக்கப் பையனைக் கூப்பிடாமல் நீங்களே போங்கள். வாரத்தில் இரண்டு நாள் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து முறை. சற்று ஓய்வுக்குப் பின் இன்னொரு சுற்று. மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும்.

வெறும் வயிற்று நடை உங்களுக்கு வேண்டாம். கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு நடையில் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் வரலாம். கிளம்பும்முன் 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப்பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்கட்டும். ‘எட்டு’ நடையில் மந்திரம் ஒன்றும் இல்லை, நடை என்ற அளவில் நல்லதுதான். ஆனால் பூங்காவில் அதைக் கூழாங்கல் பதித்து வெறுங்காலோடு நடக்கச் சொல்கிறார்களே, அந்தப் பக்கமே போகாதீர்கள். உணர்ச்சி மங்கிய, ரத்தம் போதாத பாதத்தில் ஒரு சின்னக் கீறல் போதும், விரலை இழக்க. பருத்திக் காலுறை, விரல் நெருக்காத ஷூ, நடந்து வந்ததும் விரலிடுக்கு வரை பாதத்தைப் பார்ப்பது. முழங்கால் சொடக்கு, வலியும் வீக்கமும் இல்லாதவரை வெறும் சத்தம்.

இதயத்தைச் சோதித்து மருத்துவர் சம்மதித்த பிறகு, உங்கள் காலுக்கு நடைதான் முதல் சிகிச்சை. அதற்கு ஒரு முறை உண்டு. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் வலி தொடங்கும் வேகத்தில் நடங்கள். தொடங்கியதும் நிற்காதீர்கள், வலி நடுத்தரமாகும்வரை போங்கள். பிறகு நின்று, முழுதாக அடங்கியதும் மறுபடி. நின்ற நேரத்தையும் சேர்த்து முதலில் 30 நிமிடம், பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 50 வரை. வாரத்தில் மூன்று நாள், குறைந்தது 12 வாரம். கிடைக்கிற ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சதை பழகிக்கொள்கிறது, வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுகிறது. வலி வருகிறதே என்று நடையையே விட்டவர்களுக்குத்தான் தூரம் சுருங்கும்.

குளத்தின் எந்தக் கரையில், எந்த மண்டபத்தருகே வலி தொடங்கியது என்று நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள், கணக்கு எழுதுகிறவருக்குச் சொல்லவா வேண்டும். அந்த இடம் தள்ளிப்போனால் சிகிச்சை வேலை செய்கிறது. முன்னால் வந்துகொண்டே இருந்தால் 12 வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் நோட்டோடு ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.