சாவி கையில் இருக்கும்போதே வாருங்கள்: பூட்டு, சாவிக் கேள்விகளுக்குப் பதில்கள்

பூட்டு, சாவி பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் கார் சாவிக் கேள்விகள்தான். மதுரை சிம்மக்கல் பக்கம் 22 வருடமாக நான் இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு முன்னால் இதே இடத்தில் அப்பா அரமும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் காலத்தில் கார் சாவி என்றாலும் பீரோ சாவி என்றாலும் ஒரே வேலைதான், அரத்தால் ராவி எடுத்துக் கொடுத்துவிடலாம். இப்போது அப்படி இல்லை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். ஒரு சாவிதான் கொடுத்தார்கள், இன்னொன்று தொலைந்துவிட்டதாம். வண்டி நன்றாக ஓடுகிறது. உடனே இரண்டாவது சாவி போட வேண்டுமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா? (திருநெல்வேலி வாசகர்)

இந்த வாரமே போடுங்கள் தம்பி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்கிறார்கள்.

உங்கள் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துளையைச் சுற்றி வண்டியில் ஒரு காயில் இருக்கும், சாவியைத் திருப்பியதும் அந்தக் காயில்தான் சிப்புக்கு மின்சாரம் கொடுத்து ‘நீ யார்’ என்று கேட்கும். சிப் தன் நம்பரைச் சொல்லும். அந்த நம்பர் வண்டியின் கணக்கில் இருந்தால் என்ஜின் ஓடும். இல்லையென்றால் சாவி பூட்டில் அச்சாகப் பொருந்தித் திரும்பினாலும் பிரயோஜனமில்லை, சில வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, சில வண்டி ஆகி இரண்டு விநாடியில் நின்றுவிடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம்.

வேலை செய்கிற சாவி ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பது பெரும்பாலான வண்டிகளில் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. ஒரு சாவியும் இல்லையென்றால் கதையே வேறு. இரண்டு வருடம் முன்பு கொடைக்கானலில் ஒரு குடும்பம், பெடல் படகில் போகும்போது சாவி ஏரிக்குள் விழுந்துவிட்டது. அதுவும் செகண்ட் ஹேண்டில் வண்டி, அதுவும் ஒற்றைச் சாவி. நானும் கடைப் பையனும் மெஷினைக் கட்டிக்கொண்டு மலை ஏறிப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. கதவைத் திறந்து, கதவுப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற தகடு ஒவ்வொன்றும் எந்த உயரம் என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்து எழுதி, அதை வைத்துச் சாவி வெட்டினோம். அது பாதி வேலைதான். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே மெஷினை மாட்டி சிப்பைச் சேர்க்க வேண்டும், அந்த நேரத்தில் வண்டி பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டரே கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. அதனால் கையோடு கொண்டுபோன இன்னொரு பேட்டரியை இணைத்துவிட்டுத்தான் தொட்டேன். முடிய ராத்திரி இரண்டு மணி. அந்தக் குளிரில் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஒரு டீக்கடை பெஞ்சில் சால்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் கொடுத்த பணத்தில், ஊரில் இருக்கும்போதே மூன்று சாவி போட்டிருக்கலாம்.

இன்னும் மூன்று விஷயம். தொலைந்ததாகச் சொல்கிற அந்தச் சாவி எங்கேயோ யாரிடமோ இருக்கலாம் அல்லவா, ஆகவே புதுச் சாவி சேர்க்கும்போதே பழைய சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள். அழித்த பிறகும் அது கதவைத் திறக்கும், ஆனால் என்ஜினை ஓட்டாது. இதை நீங்கள் கேட்டால்தான் பலர் செய்வார்கள். அடுத்தது, வண்டி திருட்டுப் போய் இன்சூரன்ஸ் கிளெய்முக்குப் போனால் இரண்டு சாவியையும் கொண்டுவரச் சொல்வார்கள், ஒன்றைக் காட்டிவிட்டு மற்றது எங்கே என்ற கேள்விக்கு முழித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். கடைசியாக, புது வண்டியோடு சாவி நம்பர் அடித்த சின்னத் தகடு ஒன்று கொடுப்பார்கள், பழைய ஓனரிடம் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அந்த நம்பர் இருந்தால் பூட்டைக் கழற்றாமலே சாவி வெட்டலாம். அதைச் சாவியோடு சேர்த்துக் கோர்த்து வைக்காதீர்கள், வீட்டில் பத்திரங்களோடு இருக்கட்டும்.

ரிமோட் சாவியின் மேல்கூடு உடைந்துவிட்டது. ஆன்லைனில் கூடு வாங்கி நானே மாற்றினேன். ரிமோட் வேலை செய்கிறது, கதவு திறக்கிறது, வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. (சேலம் வாசகி)

பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா அம்மா? போட்டிருந்தால் முதலில் போய் அதைத் தேடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

பல சாவிகளில் ரிமோட் தகடு வேறு, நான் மேலே சொன்ன சிப் வேறு. சிப் கறுப்பாக, சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு துண்டாக இருக்கும், சிலவற்றில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழாயாக இருக்கும். கூட்டின் ஒரு மூலையில் அதற்கென்றே ஒரு குழி வைத்துச் செருகியிருப்பார்கள். பச்சை நிற ரிமோட் தகட்டை மட்டும் எடுத்துப் புதுக் கூட்டில் வைத்தால் ரிமோட் வேலை செய்யும், சிப் பழைய கூட்டிலேயே தங்கிவிடும். மாதம் இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். போன வாரம் ஒரு அக்கா குப்பைப் பையையே கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். நியூஸ்பேப்பரை விரித்துக் கொட்டி, வெங்காயத்தோலுக்கு நடுவே கூட்டை எடுத்துப் பிளந்து பார்த்தோம், சிப் அப்படியே இருந்தது. ஐந்து நிமிட வேலை. கிடைக்காமல் போயிருந்தால் புதுச் சிப் வாங்கி வண்டியில் சேர்த்திருக்க வேண்டும்.

கூடு மாற்றுவது தப்பில்லை. பிரிப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எது எங்கே இருந்தது என்று தெரியும்.

மழைக்காலம் வந்தால் வாசல் கதவு பூட்டு இறுகிவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், கொஞ்ச நாள் சரியாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். பூட்டை மாற்றிவிடவா? (நாகர்கோவில்)

மாற்றாதீர்கள். முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்படியே சாவியைத் திருப்பிப் பாருங்கள். பூட்டின் நாக்கு வழுக்கிக்கொண்டு வந்து போகிறதா? அப்படியானால் பூட்டில் ஒரு குறையும் இல்லை, கதவும் நிலையும்தான் ஒத்துப்போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதும். இல்லையென்றால் மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு ஒரு பக்கம் தொங்கியிருக்கும், அதைப் பெரிய திருகாணி போட்டு முறுக்கினாலே பல வீடுகளில் சரியாகிவிடுகிறது.

எங்கே இடிக்கிறது என்று தெரிய, பூட்டு நாக்கின் நுனியில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவி, கதவைச் சாத்திப் பூட்டப் பாருங்கள். நிலையில் இருக்கிற தகட்டில் சிவப்பு எங்கே பட்டிருக்கிறதோ அங்கே அரத்தால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் ராவினால் போதும். கதவு மரத்தை மட்டும் மழைக்காலத்தில் இழைக்கவே கூடாது. தச்சர் இழைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி போய்வருகிற அளவுக்கு இடைவெளி நிற்கும்.

எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் சிலிண்டர் பூட்டுக்குள், அதாவது சாவி செருகித் திருப்புகிற உருளை உள்ள பூட்டுக்குள் வேண்டாம். முதலில் வழுக்கும், அப்புறம் தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். கிராஃபைட் பவுடர் போடலாம், அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, பத்துப் பதினைந்து தடவை உள்ளே விட்டு எடுங்கள். உங்கள் பூட்டில் ஏற்கெனவே பிசின் இருப்பதால் அதைச் சுத்தம் செய்த பிறகுதான் இது பலிக்கும்.

சாவியைக் காருக்குள் வைத்துக் கதவு பூட்டிக்கொண்டது, உள்ளே குழந்தை. அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது? எங்களுக்குப் போன மாதம் நடந்தது, ஆள் வர நாற்பது நிமிடம் ஆனது. (திருச்சி வாசகி)

குழந்தை நலமாக இருப்பதாக நீங்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த நாற்பது நிமிடம் நீங்கள் காத்திருக்கவே கூடாது.

வெயிலில் நிற்கிற மூடிய காரில் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி வரை சூடு ஏறும். நம் ஊர் மே மாதத்தில் வெளியிலேயே 40 டிகிரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். ஆகவே ஏசி ஓடவில்லை, மாற்றுச்சாவி பக்கத்தில் இல்லை என்றால் என்னைப் போன்ற ஆளுக்காகக் காத்திருக்காதீர்கள், கண்ணாடியை உடையுங்கள். குழந்தை உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத் தூரமான பக்கக் கண்ணாடி. நடுவில் அடிக்காமல் மூலையில் அடியுங்கள், கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பொடிப்பொடியாகத்தான் உதிரும், முன் கண்ணாடி அப்படி உடையாது, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஒருவர் உடைக்கும்போதே இன்னொருவர் 112 அல்லது தீயணைப்புக்கு 101 கூப்பிடட்டும். கண்ணாடி விலையை அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

இப்படிப் போன் வந்தால் நான் கிளம்பும்போதே இதைத்தான் சொல்கிறேன். நான் போய்ச் சேரும்போது கண்ணாடி உடைந்து குழந்தை அம்மா இடுப்பில் இருந்தால், காசு வாங்காமல் திரும்பி வருவேன்.

பூட்டுக்குள் சாவி பாதியில் உடைந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டி எடுக்கலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

வேண்டவே வேண்டாம். பசை பூட்டின் உள்ளே சாவி தள்ளுகிற சின்னக் கம்பிகளுக்குள் (பின்) இறங்கினால் பூட்டைத் தூக்கித்தான் போட வேண்டும். மீதித் துண்டை மறுபடி செருகியும் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது இன்னும் ஆழமாகப் போகும். சாவித் துளை, சாவி போடும்போது எப்படி நிற்குமோ அந்த நேர்நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பிய நிலையில் உடைந்திருந்தால் துண்டு வெளியே வராது. துண்டு கொஞ்சம் வெளியே தெரிந்தால் மெல்லிய மூக்குக் குறடால் பிடித்து இழுக்கலாம். தெரியவில்லையா, அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். உடைந்த இரண்டு துண்டையும் கொண்டுவந்தால் அவற்றைச் சேர்த்து வைத்தே புதுச் சாவி வெட்டிவிடலாம்.

என் சொந்தக் காருக்குச் சாவி போடப் போனால் ஆர்சி புக் கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள். வாடிக்கையாளரைத் திருடன் மாதிரி நடத்துவது சரியா? (மதுரை, ‘உங்கள் கடையில்தான் நடந்தது’ என்று எழுதியிருக்கிறார்)

மனம் வருத்தப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, ஆனால் அடுத்த முறையும் கேட்பேன். பல வருடம் முன்பு ஒரு பையன் லைஃப்பாய் சோப்பில் அழுத்திய சாவி அச்சைக் கொண்டுவந்து நீட்டினான். நல்ல உடை, நல்ல பேச்சு. சாவி வீட்டில் இருக்கிறது, எடுத்துவர நேரமில்லை என்றான். முடியாது என்று அனுப்பிவிட்டேன். இன்னொருவர், மனைவி கோபித்துக்கொண்டு தனியாக இருக்கிற வீட்டைத் திறந்துகொடு என்று இரண்டு மடங்கு கூலி பேசினார். அந்த வாசலில் காய்ந்துகொண்டிருந்த பள்ளிக்கூட யூனிஃபார்ம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் வண்டிக்கு யாரோ ஒருவர் வந்து சாவி கேட்டால் நான் கேள்வி கேட்காமல் போட்டுக் கொடுப்பதை நீங்கள் விரும்புவீர்களா?

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறோம். முன்பு இருந்தவர்களிடம் சாவி இருக்குமோ என்று பயம்.

பயம் நியாயமானது. பூட்டு முழுவதையும் மாற்றத் தேவையில்லை. கைப்பிடியோடு வருகிற பூட்டு என்றால் நடுவில் இருக்கிற சிலிண்டரை மட்டும் கழற்றலாம், கதவின் விளிம்பில் ஒரே ஒரு நீளத் திருகாணிதான் அதைப் பிடித்திருக்கும். பழைய சிலிண்டரையே கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், காலி செய்யும்போது பழையதை மாட்டிக் கொடுத்துவிடலாம்.

டிஜிட்டல் லாக் பேட்டரி தீர்ந்து வெளியே மாட்டிக்கொண்டோம்.

பல மாடல்களில் வெளிப்பக்கம் அடியில் இரண்டு சின்னப் புள்ளிகள் இருக்கும். அதில் 9 வோல்ட் பேட்டரியை வைத்துப் பிடித்தால் உயிர் வரும், நம்பரைப் போட்டுத் திறந்துவிடலாம். கூடவே வந்த சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நான் போன வீடுகளில் பெரும்பாலும் அது வீட்டுக்குள் பீரோவில்தான் இருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டு ஒன்று, கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ இருக்கும், பூட்டிய நிலையில் கிடக்கிறது. சாவி இல்லை. பித்தளை எடைக்குப் போடச் சொல்கிறார்கள். (காரைக்குடி)

தயவுசெய்து போடாதீர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற லிவர், அதாவது சாவி தூக்கிவிடுகிற தகடு ஒவ்வொன்றும் கையால் ராவிச் சேர்த்தது, அதனால்தான் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. அப்பா இந்த மாதிரிப் பூட்டு வந்தால் வேறு எல்லா வேலையையும் தள்ளி வைத்துவிடுவார். வெற்றுச் சாவியைச் சிமினி விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, பூட்டுக்குள் விட்டு மெதுவாக அசைத்து வெளியே எடுப்பார். லிவர் பட்ட இடத்தில் கரி அழிந்து கோடு தெரியும். அங்கே இரண்டு இழுப்பு ராவுவார், மறுபடி புகை, மறுபடி பூட்டு. ஒரு பூட்டுக்கு அரை நாள் ஆகும். திறக்கும்போது ‘ளக்’ என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

அந்த விளக்கும் அரமும் என்னிடம் இருக்கின்றன. அறுத்தோ உடைத்தோ திறக்க விடாதீர்கள், உள்ளே எண்ணெயும் விடாதீர்கள். ஒரு துணியில் சுற்றி எடுத்துவாருங்கள், செவ்வாய்க்கிழமை காலையில் வந்தால் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பார்க்கலாம்.