கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

கேள்வி: 2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ3, ராம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சரி, ராமைக் கூட்டுவோம் என்று 8 ஜிபி டிடிஆர்4 வாங்கி வந்தால் அது ஸ்லாட்டில் உட்காரவே இல்லை. கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். பையன் வேறு கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். என்ன செய்யலாம் சார்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்த ராமை அழுத்தி மாட்டப் பார்க்காதீர்கள், மதர்போர்டே போய்விடும். உங்களுடையது டிடிஆர்4-க்கு முந்தைய வகையான டிடிஆர்3 ராமை மட்டும் ஏற்கும் போர்டு. அதற்கு 240 பின், நீங்கள் வாங்கியதற்கு 288, நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில், வோல்டேஜும் வேறு, அதனால் எந்த வித்தையும் பலிக்காது. யாருக்காவது விற்றுவிடுங்கள்.

நிறையப் பேர் செய்வதுதான் இது: எது மெதுவாக்குகிறது என்று பார்க்காமலே கடைக்குக் கிளம்பிவிடுவது. விண்டோஸில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், கம்ப்யூட்டர் திணறும்போது டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். சுழலும் தட்டில் முள் அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொரு சின்ன ஃபைலையும் தேட வேண்டியிருக்கிறது, தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி-யில் அந்த ஓட்டமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் போலவே கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை அதில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். விலை கொஞ்சம்தான் கூட என்று போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள், அந்தக் காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. வேலையைத் தொடங்குமுன் கல்யாண போட்டோவெல்லாம் தனியாகக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3, செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலும் போதும். ஆனால் விண்டோஸ் 32-பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை, அதையும் பார்த்துவிடுங்கள்.

பையனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கேபினெட்டோடு வரும் மலிவு பவர் சப்ளையில் 450 வாட் என்று ஒட்டியிருப்பதை நான் நம்ப மாட்டேன். ஸ்லாட்டிலிருந்து கார்டுக்குக் கிடைப்பது 75 வாட்தான், அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி கேபிள் வேண்டும். மேலும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இந்தப் பழைய பெட்டியில் கார்டு வாங்கிப் போடுவது வீண் செலவு.

கேள்வி: தூசி தட்டுவதற்காகத் திறந்து மூடினேன். இப்போது ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை.
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தட்டும்போது ராம் அசைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, இரண்டு பக்கமும் க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்துங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றில் பின்களில் அழுக்கு சீக்கிரம் படியும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளைப் போர்டில் மாட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள், கார்டில்தான் மாட்ட வேண்டும்.