‘பிளாக் ஐரிஷ்’ குடும்பங்கள் ஸ்பானிய மாலுமிகளின் வாரிசுகளா?

உங்கள் கணவர் வீட்டார் ஐரிஷ் அமெரிக்கர்கள், பலருக்கும் கரிய முடி, பழுப்புக் கண். இப்படிப்பட்ட ஐரிஷ்காரர்களைத்தான் ‘பிளாக் ஐரிஷ்’ என்பார்கள். 1588-ல் இங்கிலாந்தைத் தாக்கப் போன ஆர்மடா என்ற ஸ்பானியக் கப்பற்படையிலிருந்து, புயலில் சிக்கி அயர்லாந்தில் கரை ஒதுங்கிய மாலுமி ஒருவர்தான் மூதாதை என்று உங்கள் மாமியார் நம்புகிறார், அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருக்காது.

நான் அயர்லாந்தில் ஸ்லைகோ பக்கம் வசிக்கிறேன். அந்தக் கப்பல்களில் மூன்று உடைந்த ஸ்ட்ரீடா கடற்கரை இங்கேதான் இருக்கிறது. புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிறகு வந்து பார்த்த ஃபென்டன் என்ற ஆங்கில அதிகாரி, ஐந்து மைலுக்குள் 1,100-க்கும் மேலான பிணங்களை எண்ணியதாக எழுதி வைத்தார். உயிரோடு கரையேறியவர்களையும் கொல்லச் சொல்லி ஆங்கில ஆட்சியாளர்களின் உத்தரவு. தப்பிய கேப்டன் குவெல்யார் உடுத்தியதையும் பறிகொடுத்து, வைக்கோலையும் பெரணித் தழையையும் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறார். கடைசியில் ஸ்காட்லாந்து வழியாகத் தப்பினார். வேறு கப்பல்களில் பிழைத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஜிரோனா, சுமார் 1,300 பேருடன் ஆன்ட்ரிம் கரையோரம் மூழ்கியது. இதற்குப் பிறகு இங்கே தங்கிக் குடும்பம் நடத்த எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? அந்த மனிதர்களின் சாவை நினைத்தால், அதை ஒரு காதல் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கரிய முடி இந்தத் தீவில் அதைவிடப் பல ஆயிரம் ஆண்டு பழையது. பெல்ஃபாஸ்ட் அருகே பாலினஹாட்டியில் கிடைத்த, சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முந்தைய பெண்ணின் மரபணுவை டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் படித்தார்கள். கருங்கூந்தல், பழுப்புக் கண். இன்றும் இங்கே தெருவில் பார்ப்பது அதிகமும் பழுப்பு, கரும்பழுப்பு முடிதான். செம்பட்டை பத்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம்.

ஸ்பெயின் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. கால்வே துறைமுகத்துக்கு ஸ்பானிய ஒயின் வந்துகொண்டே இருந்தது. ஐரிஷ் மக்களின் முன்னோர் ஸ்பெயினிலிருந்து வந்த மீல் என்ற வீரனின் மைந்தர்கள் என்கிற புராணமும் ஆர்மடாவுக்குப் பல நூற்றாண்டு முந்தையது. அதனால்தான் மாலுமிக் கதை சுலபமாக ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் பூர்வகுடி அல்லது ஆப்பிரிக்க மூதாதையரை மறைக்க ‘பிளாக் ஐரிஷ்’, ‘போர்த்துகீசியர்’ என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. நிறவெறிச் சட்டங்களுக்கு அஞ்சிச் சொன்னது அது. உங்கள் மாமியாரின் முன்னோர் டென்னசி, வர்ஜீனியா பக்கம் என்றால் இதையும் மனதில் வையுங்கள். அவரிடம் பக்குவமாகப் பேசுங்கள்.

தேடத் தொடங்குவதானால், அயர்லாந்தை விட்டுக் கிளம்பியவர் எந்த கவுண்டி (மாவட்டம்), எந்தப் பாரிஷ் (தேவாலயப் பங்கு) என்று முதலில் கண்டுபிடியுங்கள். 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களை தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டதால், தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள்தான் கைகொடுக்கும்.