டிராக் கழன்ற டாங்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரிமோட் டாங்கிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நானும் இதில் இறங்கினேன். ஒன்றுக்குப் பதினாறு அளவில் ஒரு டைகர், இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கி. எட்டு மாத வேலை. உலோகப் பீரங்கிக் குழல், மேலே சுழலும் டரட்டில் கூடுதல் தகடு, துரு, காய்ந்த சேறு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் முதல் சண்டையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. திரும்பும்போது டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை, கழன்றுவிடுகிறது. திரும்பிக்கொண்டே சுட்டால் ஒரு நொடி எல்லாமே செத்துப்போய் மறுபடி உயிர் வருகிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா? இன்னொன்றும் உண்டு. "இந்த வயதில் யுத்த விளையாட்டா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

பெரிய மோட்டார் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பதிலைப் பாதியில் விட்டுவிட்டு வாங்கக் கிளம்பிவிடுவீர்கள். நான் அப்படிக் கிளம்பியவன்தான்.

டாங்கிக்குக் காரைப் போலத் திரும்பும் சக்கரம் கிடையாது. ஒரு பக்க டிராக்கை மெதுவாக்கி மறுபக்கத்தை ஓடவிட்டால் திரும்பும். அப்படித் திரும்புகையில் தரையில் படிந்திருக்கும் டிராக் முழுவதும் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு நகர வேண்டும். நீளம் கூடி அகலம் குறைந்தால் அடம் பிடிக்கும். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய பிரிட்டிஷ் மார்க் 1 அப்படிப்பட்டதுதான். உள்ளே இருந்த 8 பேரில் 4 பேர் அதை ஓட்டவும் திருப்பவுமே தேவைப்பட்டார்கள். உங்கள் டைகர் அந்த வகையில் நல்ல பிறவி. அசல் டைகரில் தரையில் படும் நீளம் சுமார் 3.6 மீட்டர், வண்டியின் அகலம் 3.7 மீட்டர். அதனால் வடிவத்தின் மேல் பழி போட முடியாது.

மேல்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு இரும்பு ஸ்கேலை, டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பின்னால் சும்மா சுழலும் சக்கரமான ஐட்லர் வரை பக்கவாட்டில் வையுங்கள். ஸ்ப்ராக்கெட் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளியிருந்தாலும் போதும், ஒவ்வொரு திருப்பத்திலும் பல் டிராக்கின் விளிம்பில் ஏறும். அடுத்தது இறுக்கம். டிராக்கின் மேல்பகுதியை விரலால் தூக்கினால் கொஞ்சம் எழ வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தால் மோட்டார் சூடாகும், பேட்டரி தீரும். தொங்கிக்கொண்டு கிடந்தால் கழலும். டைகரில் ஸ்ப்ராக்கெட் முன்பக்கம் இருப்பதால் முன்னால் போகும்போது மேல்பகுதி இழுபட்டு நிற்கும். ரிவர்ஸ் எடுத்ததும் அதே பகுதி தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் திருப்பினால் கழல்வதற்கு நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி.

என் முதல் சண்டையில் நடந்தது இதேதான். ஒரு செங்கல் மறைவிலிருந்து பின்வாங்கியபடி திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். இடது டிராக் பாய் மாதிரி தரையில் விரிந்து கிடந்தது. எதிராளி அவசரமே படாமல் சுற்றி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக அடித்தார். அப்புறம் பார்த்தால் ஸ்ப்ராக்கெட் பல்லிடுக்கில் மிளகு அளவு ஒரு கல். அந்த டரட்டில் நான் ஒட்டியிருந்த போல்ட் தலைகள் மட்டும் நூற்றுக்கு மேல்.

இரண்டாவது சிக்கல் மின்சாரம். இருந்த இடத்திலேயே வண்டியைச் சுழற்றும்போது இரண்டு மோட்டாரும் திணறுகின்றன. திணறும் மோட்டார் ஓடும் மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதோடு டரட் மோட்டார், குழல் பின்வாங்கும் பொறி எல்லாம் சேர்ந்தால் பேட்டரியின் வோல்டேஜ் ஒரு கணம் சரிகிறது, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் மயங்கி விழுகிறது. பெரிய மோட்டார் இன்னும் அதிகமாக இழுக்கும், மயக்கமும் கூடும். ரிசீவருக்குத் தனியாக, வோல்டேஜைச் சீராக வைக்கும் ஒரு ரெகுலேட்டர் கொடுங்கள். பேட்டரி ஒயரைத் தடிமனாக்குங்கள். மோட்டாரின் மின் இரைச்சலை அடக்க, அதன் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இல்லையென்றால் சால்டர் செய்துவிடுங்கள். இழுவை போதவில்லை என்றால் கியர்பாக்ஸ் விகிதத்தைக் கூட்டுங்கள். வேகம் குறையும், குறையட்டும். அசல் டைகரின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். பதினாறால் வகுத்தால் நொடிக்கு 78 சென்டிமீட்டர். நாம் சாதாரணமாக நடப்பதே அதைவிட வேகம்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசல் 57 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றானால் எடை 4096இல் ஒன்று, அதாவது 14 கிலோ. நம் மாடல்கள் பெரும்பாலும் அதில் பாதிகூட வருவதில்லை. அதனால்தான் சின்ன மேட்டில்கூடப் பொம்மை மாதிரி துள்ளுகின்றன. நீங்கள் உலோகத்தை மேலே ஏற்றியிருக்கிறீர்கள். அது கீழே இருக்க வேண்டும். உலோக டிராக் தன் கனத்தாலேயே சக்கரத்தில் படிந்து உட்காரும்.

சுடுவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நம் டாங்கிகள் சுடுவது குண்டால் அல்ல, இன்ஃப்ராரெட் கதிரால்; அதற்குக் குழல் உலோகமா பிளாஸ்டிக்கா என்பது தெரியாது. உச்சி வெயிலில் தூரம் குறையும், அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பியும் அடி விழும், அவ்வளவுதான்.

வீட்டாரின் கேள்விக்கு என்னிடம் தயார் பதில் இல்லை. ஆளில்லாத டாங்கி விளையாட்டில் பிறந்ததும் அல்ல. பின்லாந்துடன் நடந்த 1939-40 குளிர்காலப் போரிலேயே சோவியத் ராணுவம் ரேடியோவால் இயங்கும் டாங்கிகளைக் களமிறக்கியது. அசல் டைகருக்குள் 5 பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தில் நான் பேட்டரி வைக்கிறேன். மூடியைத் திறக்கும்போது சில நாள் அது ஞாபகம் வரும், பல நாள் வராது. இதை அப்படியே வீட்டில் சொல்லலாம். சமாதானம் ஆவார்களா என்று தெரியாது.

சரி, டரட் இல்லாமல் ஒரு வாரம் வெறும் அடிப்பாகத்தை மட்டும் புல்லிலும் மண்ணிலும் ஓட்டிப் பாருங்கள். கழன்றால் எந்தப் பக்கம், முன்னால் போகும்போதா ரிவர்ஸிலா என்று குறித்துவைத்து எழுதுங்கள்.