கட்டியவர் யார்?

கேள்வி: மெரினாவில் மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தையும் கட்டிய ராபர்ட் சிஷோம்தான் உயர் நீதிமன்றத்தையும் எழும்பூர் ரயில் நிலையத்தையும் கட்டினாராம். அவருக்குச் சென்னையில் ஒரு சிலைகூட இல்லாதது நன்றிகெட்டதனம் அல்லவா?
– வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: நன்றியைப் பிறகு பார்க்கலாம், முதலில் கணக்கை நேர்செய்வோம். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம், கட்டடக் கலைஞர் பிராஸிங்டன் தொடங்கிய வரைபடத்தை இன்னொரு கலைஞரான ஹென்றி இர்வின் எடுத்து முடித்தது. 1908இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையமும் இர்வினுடைய வடிவமைப்பே. செங்கல்லையும் குவிமாடத்தையும் கண்டவுடன் சிஷோம் பெயரில் பட்டா எழுதிவிடும் வழக்கம் நம் ஊரில் வெகுநாளாக உண்டு.

சிஷோமுக்கு இரவல் பெருமை தேவையுமில்லை. 1864இல் கல்லூரிக்கும் செனட் இல்லத்துக்கும் அரசு நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது அவருக்கு வயது 24. 1870இல் திறக்கப்பட்ட கல்லூரியைப் பாருங்கள்: 1940இல் சேர்ந்த கடிகாரத்தை மனத்தால் கழித்துவிட்டால், அது கடற்கரையில் வந்து நிற்கும் ஓர் இத்தாலிய மாளிகை. அங்கிருந்து வடக்கே நடந்து செனட் இல்லத்தை அடைந்தால், நான்கு மூலைக் கோபுரங்களும் அவற்றின் தலையில் வெங்காய வடிவக் குவிமாடங்களும், சிற்பவேலை செய்த பருத்த கல் தூண்களுமாக, வேறொருவர் வரைந்ததோ என்று ஐயுறும்படி இருக்கும். இடையில் நடந்தது என்னவென்பதை இடையில் நிற்கும் கட்டடமே சொல்கிறது. ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை அரசு அலுவலகமாக மாற்றும் பணி சிஷோமிடம் வந்தது. ஹுமாயூன் மகாலுக்கும் கலஸ் மகாலுக்கும் நடுவே கோபுரம் எழுப்பி இரண்டையும் இணைத்தவர் அவர். ஏற்கெனவே இருந்த கட்டடத்தோடு ஒட்டவேண்டிய கட்டாயம், போட்டியில் வென்ற இளைஞரை மாணவராக்கியது என்பது என் கணிப்பு. ஆளுநர் நேப்பியரின் ஊக்கமும் உடனிருந்தது. அவர் பெயரால் திருவனந்தபுரத்தில் 1880இல் முடிந்த அருங்காட்சியகத்தில் சிஷோம் சேப்பாக்கத்தைத் திரும்ப எழுதவில்லை. அந்த மண்ணின் மரவேலையையும் சரிந்த கூரைகளையும் கையாண்டார். பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனையை வடிவமைத்த சார்லஸ் மான்ட் இறந்தபின், அதை முடித்துக் கொடுத்தவரும் சிஷோமே.

இனி உங்கள் வினைச்சொல்லுக்கு வருகிறேன். சிஷோமும் இர்வினும் வரைந்தார்கள். ‘கட்டினார்’ என்பது வேறு ஆளுக்கு உரியது. சிஷோம் வரைந்த விக்டோரியா பப்ளிக் ஹாலைக் கட்டிய ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். இர்வினுடைய உயர் நீதிமன்றத்தைக் கட்டியவரும் அவரே. எழும்பூரைக் கட்டியவர் சாமிநாத பிள்ளை. சிலைக்கு நிதி திரட்டுவதாக இருந்தால், எத்தனை பீடங்கள் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு எழுதுங்கள். என் பங்கை அனுப்பிவைக்கிறேன்.